கொஞ்சம் அட்ஜஸ்ட்

அட்ஜஸ்ட் என்ற சொல்லை நான் முறையாகக் கற்றுக்கொண்டது கட்டிங் மெஷினில்தான். அச்சகத்தில் தாள் வெட்டும் மெஷினுக்குப் பின்பக்கம் ஒரு இரும்புத் தடுப்பு உண்டு. தாள்கட்டை அதில் முட்டவைத்துத்தான் வெட்டுவோம். ஒரு கைச்சக்கரத்தைச் சுற்றி அந்தத் தடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்கேல் வைத்துப் பார்த்து, மறுபடி ஒரு நூல் நகர்த்தி, வெட்டு கோட்டில் விழும்படி கொண்டுவருவதற்குப் பெயர் அட்ஜஸ்ட். நகர வேண்டியது இரும்பு. தாள் இருந்த இடத்தில் இருக்கும். பதினான்கு வருஷமாக இந்த ஒரு அர்த்தத்தில்தான் அந்தச் சொல்லை நான் மரியாதையோடு பயன்படுத்தி வருகிறேன்.

மற்ற அர்த்தங்களெல்லாம் ஊரார் எனக்குக் கற்றுக்கொடுத்தவை. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஒருத்தி வந்து பாதி உடம்பை இறக்கியபடி சொன்னால், தள்ளு என்று அர்த்தம். வீட்டுக்காரர் சொன்னால் இந்த வாரமும் மோட்டார் ரிப்பேர் ஆகாது என்று அர்த்தம். கல்யாணமான மூன்றாம் மாதம் மாமியார் சொன்னபோது, நாத்தனார் படிக்கிற பெண், அறை அவளுக்கு, நீங்கள் இருவரும் ஹாலில் படுங்கள் என்று அர்த்தம். நாத்தனார் படித்து முடித்து, கல்யாணமாகிப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அறையில் இன்னும் அவளுடைய பீரோதான் படுத்துத் தூங்குகிறது.

ஒரு தடவை பள்ளிக்கூட அகராதி ஒன்று வெட்டுக்கு வந்தது. மேல்தாளில் தற்செயலாக அந்தச் சொல் கண்ணில் பட்டது. சரிசெய், பொருத்து, ஒழுங்குபடுத்து என்று மூன்று அர்த்தம் போட்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு போ என்ற நான்காவது அர்த்தத்தைக் காணோம். தாள் குறைகிறதோ என்று அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். பக்கத்து மேஜைப் பெண்கள் சிரித்தார்கள்.

அச்சகத்தில் எனக்கு ஸ்கேலக்கா என்று பெயர். ஏப்ரன் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அரை எம்.எம். பிசகினாலும் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த மெஷினை ஓட்டிய முதல் பெண் நான்தான். வீட்டிலும் தெருவிலும் பஸ்ஸிலும் எத்தனையோ பேருக்கு நகர்ந்து கொடுத்தாயிற்று. அந்த மெஷின்முன் நிற்கும்போது மட்டும் நான் யாருக்கும் நகர வேண்டியதில்லை. அதனால்தான் அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

என் காலை வாங்கியதும் அந்தச் சொல்தான். தாள் ஏற்றிவரும் சாம்பல்நிற டிராலியின் முன்சக்கரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆணி தேய்ந்துபோய்க் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். மூன்று மாதத்தில் நான்கு தடவை ஃபோர்மேனிடம் சொன்னேன். புதுச் சக்கரத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறது, அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டுங்கள் என்று நான்கு தடவையும் ஒரே பதில். நானும் ஓட்டினேன். சக்கரம் சாயும் பக்கத்துக்கு எதிராக இடுப்பைக் கொடுத்துத் தள்ளும் வித்தையைக் கண்டுபிடித்து, மற்றப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்பி அறுந்தது. நானூறு கிலோ ஆர்ட் பேப்பர் என் இடது பாதத்தின்மேல் இறங்கியது.

முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஆறு மாதம் என் இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். செயற்கைக் கால் வந்ததும் ஒரு முழு ஷிஃப்ட் மெஷின்முன் நின்று காட்ட வேண்டும். நின்றால் மெஷின் எனக்கு. இல்லையென்றால் மடிப்பு மேஜை. அங்கே உட்கார்ந்து தாள் மடிக்கிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் விரல் வேகம் எனக்கு வராது. ஆனால் என் கையெழுத்தில் வெட்டுக் குறிப்பு ஒட்டியிருக்கும் மெஷினை இன்னொருவன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே தினமும் எட்டு மணி நேரம் உட்கார என்னால் முடியாது.

நிற்பது என்றால் சும்மா நிற்பதும் இல்லை. கத்தி இறங்குவதற்கு முன் தாளை அழுத்திப் பிடிக்க ஒரு பெடல் இருக்கிறது. அதை வலது காலால் மிதிக்க வேண்டும். மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுவதும் இடது காலின்மேல்தான் நிற்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்குக் குறையாது.

கால் வந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கு அடுத்தாற்போல் கால் செய்யும் பட்டறை. அங்கே இருப்பவர் டெக்னீஷியன்தான், ஆனாலும் எல்லாரும் அவரைக் கால் டாக்டர் என்பார்கள். மேலே முழங்கால்பக்கம் குழிவான ஒரு கிண்ணம், கீழே குழாய், குழாய்க்கு அடியில் பாதம். கிண்ணத்துக்குள் என் மிச்சக் காலை இறக்கி இரண்டடி வைத்ததுமே, முழங்காலுக்கு வெளிப்பக்கம் இருக்கும் எலும்பு முடிச்சில் ஆணி அடித்த மாதிரி வலித்தது. சொன்னேன். புதுக் கால் அப்படித்தான் இருக்கும், ரெண்டு மாசத்தில் அட்ஜஸ்ட் ஆகிவிடும் என்றார் அவர். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் அதே பாட்டு. பக்கத்துத் தெருவில் ஒருவர் செயற்கைக் காலோடு சைக்கிளே ஓட்டுகிறாராம் என்றார் மாமியார். அவர் காலையும் என் காலையும் ஒரே கடையில் வாங்கியதுபோல் பேசினார். என் கணவர் பஸ் ஓட்டுநர். வாய் நல்ல வாய், மனசும் நல்ல மனசு. வலிக்கிறது என்றால் தைலம் எடுத்துவந்து தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே அவரும் அந்தச் சொல்லைச் சொல்வார். ஆறு வாரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாலில் நடந்தேன். கிண்ணத்துக்குள் போடும் வெள்ளை உறையை ஒவ்வொரு நாளும் துவைக்கும்போது ஒரு ரூபாய் அளவு ரத்தக்கறை. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்று சொல்வார்கள். எனக்கு ஏற்கெனவே வெட்டியாயிற்று, இனி எதை வெட்டுவது என்று தெரியவில்லை.

அப்படியே போய்ப் பரீட்சைக்கும் நின்றேன். காலை எட்டரையிலிருந்து மத்தியானம்வரை எப்படியோ ஓட்டினேன். இரண்டு மணிக்கு மேல் கண்ணில் பூச்சி பறந்தது. பெடலை மிதிக்கும்போது வலிக்கு ஒதுங்கி உடம்பு தானாகச் சாய்ந்தது. கட்டை முட்டவைக்கும் கை அதோடு சேர்ந்து இழுத்தது. ஐந்நூறு அட்டைகள் நான்கு எம்.எம். கோணலாக விழுந்தன. பதினான்கு வருஷத்தில் நான் வெட்டிய முதல் கோணல் அதுதான். ஃபோர்மேன் அந்தக் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். மடிப்பு மேஜை காற்றோட்டமான இடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டால் போகப் போகப் பிடித்துவிடும் என்றார். ஆறு மாதம் முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது, கடைசி நாள் மறுபடி நிற்கிறேன் என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார். எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மாமியார் தூங்கியதும் சமையலறைத் தரையில் காலைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மெஷின் கோணலாக வெட்டினால் நாங்கள் மெஷினைத் திட்டுவதில்லை. எங்கே அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடிப்போம். அதற்கு ஒரு சுலப வழி உண்டு. கார்பன் பேப்பரை நடுவில் வைத்து அழுத்தினால், எங்கே அழுத்துகிறதோ அங்கே கறுக்கும். பில் புத்தகம் தைத்த காலத்தில் கொண்டுவந்த கார்பன் ஷீட் வீட்டில் கிடந்தது. புது வெள்ளை உறையைப் போட்டு, அதைச் சுற்றிக் கார்பனைச் சுற்றி, காலை மாட்டி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி இருபது தடவை பெடல் மிதித்தேன். கழற்றிப் பார்த்தால், சரியாக அந்த எலும்பு முடிச்சின்மேல் மைபோல ஒரு கறுப்பு வட்டம்.

எலும்பு இடிக்காமலிருக்கத்தானே கிண்ணத்துக்குள் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள் என்று உள்ளே கட்டைவிரலை விட்டுத் தடவினேன். பள்ளம் இருந்தது. வழவழவென்று, அழகாக, யாரோ பொறுமையாகத் தேய்த்துச் செய்த பள்ளம். ஆனால் அது எலும்பு இருக்கும் இடத்தில் இல்லை. ஸ்கேலை எடுத்து, காலின் முன்பக்க நடுக்கோட்டிலிருந்து எலும்புக்கு அளந்தேன். அதே கோட்டிலிருந்து பள்ளத்துக்கு அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். பதினாறு எம்.எம். வித்தியாசம்.

அரை எம்.எம்.முக்குக் கட்டையே திருப்பி அனுப்புகிறவள் ஆறு வாரமாகப் பதினாறு எம்.எம்.மின்மேல் நின்றிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து டியூட்டி முடிந்து கணவர் வந்தார். உறையைக் காட்டினேன். கறுப்பு வட்டத்தையும், அதற்கு அடியில் இருந்த புண்ணையும் பார்த்தார். வழக்கம்போல, கால் டாக்டரிடம் சொல்லலாம், அதுவரைக்கும் கொஞ்சம் என்று ஆரம்பித்தார்.

"தினம் காலைல பஸ்ஸ எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவார், கண்ணாடியைத் திருப்புவார், பத்து நிமிஷம் ஆகும். எனக்குத் தெரியும், அவர் பஸ்ஸில் நான் போயிருக்கிறேன்.

"சீட்டத்தான அட்ஜஸ்ட் பண்றீங்க? சீட்டுக்குத் தோதா உங்க முதுக வளைச்சுக்கறீங்களா? எனக்கு மட்டும் ஏன் எல்லாரும் உடம்ப வளைக்கச் சொல்றீங்க?"

அவர் என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். வெகு நேரம் அந்தக் கிண்ணத்துக்குள் கட்டைவிரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தைலம் எடுக்க எழுந்திருக்கவில்லை. நானும் போன மாசமெல்லாம் இதையேதான் சொன்னேன் இல்ல, என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஆறுதலாகப் பொய் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

பிறகுதான், பள்ளம் எப்படி இடம் மாறியது என்று யோசித்தேன். காலுக்கு அச்சு எடுக்கும்போது மிச்சக் காலில் ஒரு மெல்லிய உறையைப் போட்டு, எலும்பு இருக்கும் இடங்களில் ஊதா பென்சிலால் வட்டம் போடுவார்கள். அதன்மேல் நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, காயும்வரை அசையாமல் உட்காரச் சொல்வார்கள். ஊதா வட்டம் மாவில் பதியும். அந்த அடையாளத்தை வைத்துத்தான் பள்ளம் விடுவார்கள். அன்றைக்குப் பட்டறையில் கூட்டம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு நீள பெஞ்ச். என் காலில் மாவு ஈரமாக இருக்கும்போதே அடுத்த ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி நகர்ந்துக்கோங்கம்மா என்றது ஒரு குரல். நான் நகர்ந்தேன். சிரித்துக்கொண்டே வேறு நகர்ந்தேன். பெஞ்சில் தொடை இழுபட்டபோது உள்ளே உறையும் இழுபட்டுத் திரும்பியிருக்கிறது. மாவுக்கட்டில் விழுந்த சுருக்கத்தைக் கால் டாக்டர் கட்டைவிரலால் நீவிவிட்டது இப்போது கண்முன் நின்றது.

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். நகரச் சொன்னவரும் நகர்ந்த நானுமாக, அன்றைக்கு அந்தப் பெஞ்சருகே இரண்டு பேருமே இருந்திருக்கிறோம்.

மறுநாள் பட்டறை திறக்கும்போதே போய் நின்றேன். கணவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார், வாசலோடு நின்றுகொண்டார். கால் டாக்டர் என்னைப் பார்த்ததும் ஒரு சின்னத் திருகுச் சாவியை எடுத்தார். குழாய் சேரும் இடத்தில் நான்கு திருகுகள் இருக்கின்றன. அவற்றை லேசாகத் திருப்பினால் கால் உள்ளே வெளியே சாயும், வலி குறையும் என்றார். நான் காலை நீட்டவில்லை. கறுப்பு வட்டம் விழுந்த உறையை அவர் மேஜையில் விரித்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். பிறகு, யாருக்கும் முதலில் வருவதுதானே, அவருக்கும் வந்தது.

"மாவு எடுக்கறப்ப நீங்க அசைஞ்சிருக்கீங்கம்மா."

"அசையச் சொன்னது யாரு?"

அவர் திருகுச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இருபத்து மூன்று பேர், ஒரே பெஞ்ச், இன்னொரு பெஞ்ச் கேட்டு எழுதி நாலு வருஷமாகிறது, இருக்கிறதை வைத்து அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி மேலேயிருந்து பதில் வந்தது என்றார். கேட்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் பரிதாபத்துக்கு என் கோபத்தை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. மேலே இருக்கிறவர் அவரிடம் தள்ளிவிட்டதை அவர் என்னிடம் தள்ளிவிட்டார். எனக்குக் கீழே தள்ளிவிட யாரும் இல்லாததால் அது என் எலும்பில் வந்து நின்றது.

"இந்தக் காலுல நாலு திருகு இருக்கு. என் உடம்புல ஒண்ணுகூட இல்ல. அத ஏன் ஒருத்தரும் பாக்க மாட்டேங்கறீங்க?"

அவர் நோட்டைத் திறந்து, வியாழக்கிழமை வாருங்கள், புதிதாக அச்சு எடுக்கிறேன், பதினைந்து நாளில் கால் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால் வந்ததும் பழகுவதற்கு ஒரு வாரம் கிடைக்கும்.

வியாழக்கிழமையும் அதே கூட்டம்தான். அதே பெஞ்சின் ஒரு முனையில் என்னை உட்காரவைத்து உறை மாட்டி, ஊதா வட்டங்கள் போட்டு, மாவுத் துணியைச் சுற்றினார் கால் டாக்டர். இந்தத் தடவை மெதுவாகச் சுற்றினார். பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. அக்குளில் கட்டையோடு வயதான ஒருவரை அழைத்துக்கொண்டு ஆயா வந்தாள். பெஞ்ச் நிறைந்திருந்தது. என் பக்கத்தில்தான் அரைச் சாண் இடம் இருந்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா, பெரியவர் உக்காரட்டும்."

என் உடம்பு நகரப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முப்பத்தொன்பது வருஷப் பழக்கம், அந்தச் சொல் காதில் விழுந்ததும் இடுப்பு தானாகக் கிளம்பியது. இரண்டு கையாலும் பெஞ்ச் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நகர மாட்டேன். இது காயணும். அவருக்கு ஒரு நாற்காலி கொண்டாங்க."

ஆயாவுக்கு நம்ப முடியவில்லை. ஒரு கால் இல்லாத பெரியவர் நிற்கிறார், நீங்கள் இப்படிப் பேசுகிறீர்களே என்றாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு அம்மாள், திமிரைப் பார் என்று என் காது கேட்கவே சொன்னாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பெரியவரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் கட்டையில் தொங்கிக்கொண்டு நிற்கிறார், நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வந்தது, அழுதால் உடம்பு குலுங்கும் என்று அதையும் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அவர்தான் பேசினார்.

"அசையாதம்மா. போன தடவ நான் அசைஞ்சேன். ரெண்டாவது தடவையா வந்து நிக்கறேன்."

ஆயா வாயை மூடிக்கொண்டாள். கை துடைத்துக்கொண்டே வந்த கால் டாக்டர் என்னைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். தன் மேஜைக்குப் போய், தான் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுவந்து பெரியவருக்குப் போட்டார். அன்றைக்கு முழுவதும் அவர் நின்றுகொண்டுதான் எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சொன்ன தேதிக்குக் கால் வந்தது. மாட்டியதும், வலிக்குமே என்ற பயத்தில் ஒரு நொடி மூச்சைப் பிடித்தேன். வலிக்கவில்லை. இறுக்கமாக, புதுச் செருப்பு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கார்பன் வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல். வாசலில் நின்ற கணவரிடம் உறையைக் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள் வந்தது. எட்டரைக்கு மெஷின்முன் நின்றேன். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நோட்டில், நின்ற நேரத்தை எழுதும்படி ஃபோர்மேனுக்கு உத்தரவு. மத்தியானம் தாண்டியது. இரண்டு மணி தாண்டியது. பெடல், கத்தி, பெடல், கத்தி. ஒரு கட்டும் கோணவில்லை. மூன்றரைக்கு ஃபோர்மேனே வந்து ஒரு கட்டை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

நான்கு மணிக்கு அடுத்த லோடு வந்தது. மடிப்பு மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண் தள்ளிக்கொண்டு வந்தாள். காலில் ரப்பர் செருப்பு. அவள் இடுப்பை ஒரு பக்கமாகக் கொடுத்துத் தள்ளினாள். அது என் வித்தை. குனிந்து பார்த்தேன். அதே சாம்பல்நிற டிராலி. அதே முன்சக்கரம். கம்பி மட்டும் புதுசு.

அந்த டிராலியை உடைத்துப் போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஆறு மாதமாக, படுக்கையிலும் ஹாலிலும் பட்டறை பெஞ்சிலும், அதை நினைக்கும்போதெல்லாம் பழைய இரும்புக் குவியலில்தான் கிடப்பதாக நினைத்தேன். என் காலை எடுத்த மறுநாளே கம்பி சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மெஷின் நின்றது.

ஃபோர்மேன் ஓடிவந்தார். இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, மேனேஜர் பார்க்கிறார், மெஷின் நின்றால் பரீட்சையும் நின்றது மாதிரி என்று கெஞ்சினார். அந்த மனுஷர் எனக்கு நல்லதுதான் நினைத்தார், அதுதான் கொடுமை.

"இந்த ஒரு லோடு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க ஸ்கேலக்கா."

"சக்கரத்த மாத்திக் கொண்டாங்க. அதுவரைக்கும் மெஷின் ஓடாது. நான் இங்கயே நிக்கறேன்."

புதுப் பெண் டிராலியின் பிடியை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள். மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். புதுச் சக்கரம் வர எத்தனை நாளாகும் என்று ஃபோர்மேனைக் கேட்டார். ஃபோர்மேன் தரையைப் பார்த்தார்.

"சக்கரம் ஸ்டோர்லயே இருக்கு சார். மாத்த ஆள் ஒழியல."

எப்போது வந்தது என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"உங்களுக்கு அடிபட்டதுக்கு முந்தின வாரம்."

மடிப்பு மேஜையில் கைகள் நின்றுவிட்டன. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. எதைக் கத்துவது என்று தெரியவில்லை. ஒரு வாரம், அட்டைப்பெட்டிக்குள், என் இடது கால் பத்திரமாக ஸ்டோரில் இருந்திருக்கிறது. மெஷின் மேடையைப் பிடிக்கப் போன கையைக் கீழே விட்டேன். எதையும் பிடிக்காமல் நின்றேன்.

ஃபோர்மேன் தானே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். தாளை இறக்கி, டிராலியைக் கவிழ்த்து, கம்பியை அறுத்து, சக்கரத்தைப் பொருத்த இருபத்தைந்து நிமிஷம் ஆனது. மாற்ற ஆறு மாதத்துக்கு மேல் ஆள் கிடைக்காத வேலைக்கு மொத்தமாக இருபத்தைந்து நிமிஷம். அந்தப் பெண் லோடை நேராகத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் கைச்சக்கரத்தைச் சுற்றித் தடுப்பை அட்ஜஸ்ட் செய்து, மிச்சக் கட்டுகளை வெட்டி முடித்தேன்.

ஐந்து மணிக்கு மேனேஜர் நோட்டை வாங்கிப் பார்த்தார். நடுவில் மெஷின் நின்றிருந்த இருபத்தைந்து நிமிஷத்தை என்ன செய்வது, எட்டு மணி நேரத்துக்கு அது குறைகிறதே என்றார்.

"மெஷின்தான் சார் நின்னுச்சு. அந்த இருபத்தஞ்சு நிமிஷமும் நான் இதே எடத்துல, இந்தக் கால்லதான் நின்னேன். அதையும் சேத்து எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். கழற்றிப் போட்டிருந்த பழைய சக்கரத்தை ஒரு தடவை பார்த்தார். எழுதினார்.